டொம்ளாஞ்சி என்று ஒரு பெயர்

அந்தச் சொல் பஸ் ஸ்டாண்டில் பிறந்தது. அதுவரைக்கும் எனக்கு நிச்சயம். அதற்கப்புறம் நடந்த எதிலும் எனக்கு நிச்சயமில்லை.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு நான் டைம் கீப்பர். விடிந்தும் விடியாமலும் போய் உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருப்பேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதுவது, கிளம்பாத வண்டிக்கு விசில் ஊதுவது, இரண்டு டிரைவர்களுக்கு நடுவில் கையை விரித்து நிற்பது. இதுதான் வேலை. நோட்டின் கடைசிப் பக்கங்களில் கவிதை மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருப்பேன். கவிதை என்றால் வரி மடங்கவேண்டும். என்னுடையது மடங்காமல் பக்கத்தின் விளிம்பு வரைக்கும் ஓடி முட்டிக்கொண்டு நிற்கும். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான் எழுதுகிறேன், இதைக்கூட.

செங்கம் செங்கம் செங்கம், போளூர் வேலூர், அவலூர்பேட்டை, கீழ்பென்னாத்தூர் திண்டிவனம் என்று கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டுக் கேட்டு ஊர்களெல்லாம் எனக்கு ஊர்களாக இல்லாமல் போய்விட்டன. வெறும் சத்தங்கள். வண்டி நகரும்போது கண்டக்டர் உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு அறை அறைவார். டொம், டொம். போகலாம் என்று அர்த்தம். காலையில் எத்தனை டொம் கேட்டிருப்பேன். எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள், போகலாம் என்று எழுதிக் கொடுத்தவன் மட்டும் பெஞ்சிலேயே இருந்தேன்.

அந்த டொம்மில் இருந்துதான் டொம்ளாஞ்சி வந்தது.

என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காக, வளைகாப்பு முடிந்ததும் கீழ்பென்னாத்தூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். நான்கரை வயது மகளையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. கிளம்புகிற வாரத்தில் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை அந்த அறைக்குள் விடமுடியாது. வேப்பிலை செருகிய நிலைக்கு வெளியே, கையில் கூடையோடு நின்று அவள் மகளைப் பார்த்தாள். மகள் வெள்ளைத் துணியில் படுத்தபடியே கையை ஆட்டினாள். அவ்வளவுதான் வழியனுப்பல்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குணமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். முக்கால் மணி நேர பஸ். திரும்பும்போது அவள் அழுத அழுகையில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் கொடுத்தார். அடுத்த வாரம் என் மாமியார் சொல்லியனுப்பினார்: பார்த்துப் பார்த்து அழுவதற்குப் பார்க்காமலே இருக்கட்டும், இங்கே இவளும் சாப்பிடமாட்டேன் என்கிறாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. பெரியவர்கள் எல்லோருக்குமே நியாயமாகப் பட்டது. ஐந்து மாதம். முக்கால் மணி நேரத் தூரத்தில் அம்மா. அப்பனுக்கு வேலையே பஸ் ஸ்டாண்டில். எப்படி ஒப்புக்கொண்டேன் என்று இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்கு அது யோசனை மாதிரியே இல்லை, அட்டவணை மாதிரி இருந்தது.

காலை நேரங்களில் மகளைப் பார்த்துக்கொண்டது என் அக்கா. பக்கத்து வீட்டில் இருந்தாள். வாய் ஜாஸ்தி, கைவேலை அதைவிட ஜாஸ்தி. குளிப்பாட்டுவாள், தலை பின்னுவாள், பின்னிக்கொண்டே திட்டுவாள். சோறு ஊட்டுவது மட்டும் அவளால் ஆகவில்லை. மதியம் நான் படியேறும்போதே கிண்ணத்தை நீட்டுவாள். “உம் பொண்ணு வாய்க்கு ஒரு சாவி செஞ்சி குட்றா. என்னால தொறக்க முடியல.”

கதை சொல்லிப் பார்த்தேன். காக்காய்க் கதை. காக்கா தெரியும் என்றாள். நரிக் கதை. நரியும் தெரியும். யானை கோயிலிலேயே இருக்கிறது. தெரிந்தது எதற்கும் அவள் வாயைத் திறப்பதாக இல்லை. தெரிந்ததெல்லாம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என்றால் இருப்பாள் என்பது ஒன்றுதான் பொய்த்துப் போயிருந்தது.

எங்கள் தெருவில் எங்கே நின்றாலும் மலை தெரியும். ஆனால் ஒரே பக்கம்தான் தெரியும். ஊர் மலைக்குக் கிழக்கே உட்கார்ந்திருக்கிறது. மலை நமக்குக் காட்டிக்கொண்டிருப்பது முகத்தையா முதுகையா என்று யாரும் கேட்டதில்லை. ஒரு மதியம் மாடிப்படி நிழலில் ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நான் மலையைக் காட்டினேன். அதுக்குப் பின்னாடி ஒன்று இருக்கிறது, யாரும் பார்த்ததில்லை என்றேன். என்னது என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். சோற்றை வைத்துவிட்டேன்.

என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவள் முழுங்கிவிட்டுப் பேர் கேட்டாள். காலையெல்லாம் கேட்ட தகரம் காதில் மிச்சமிருந்தது. “டொம்ளாஞ்சி” என்றேன்.

அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். உதட்டை மூடி, நாக்கை மடக்கி, பல்லிடுக்கில் விட்டு. சிரித்தாள். புருவத்துக்கு மேலே அம்மை விட்டுப்போன ஒரு குழி உண்டு அவளுக்கு, சிரித்தால் அதுவும் நகரும். அன்றைக்குத்தான் அது நகர்வதை முதலில் பார்த்தேன்.

டொம்ளாஞ்சி பனங்காய் மாதிரி உருண்டை. அதற்குக் கால் கிடையாது. அதனால் நடக்காது, ஓடாது, கிர்ணும். கிர்ணுவது என்றால் உருளாமல் வழுக்காமல் தரையை விடாமல் மலையைச் சுற்றி வருவது. இந்த விளக்கம் இப்போது எழுதும்போதுதான் வருகிறது. அன்றைக்கு விரலைச் சுழற்றிக் காட்டினேன், போதுமாக இருந்தது. டொம்ளாஞ்சியின் வயிற்றில் ஒரு பை, அதற்குப் பேர் மொஞ்சம். ஊரில் காணாமல் போகிறதெல்லாம் மொஞ்சத்துக்குள் இருக்கும்: என் ஒற்றைச் செருப்பு, அத்தையின் இட்லித் துணி, எதிர்வீட்டுக்காரரின் பல்செட்டு. ஒரு வாய்ச் சோறு லப்பிடி. கண்ணீர் இல்லாமல் அழுவது ஞீங்குவது. இன்னொரு சொல்லும் இருந்தது, திக்லுபா. அது என்ன என்று நானும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கதை எங்கேயாவது மாட்டிக்கொண்டு எனக்கு மேலே போகத் தெரியாதபோது, “அப்போ பாத்தா, ஒரே திக்லுபா” என்பேன். அவள் கண்ணை விரித்து அடுத்த லப்பிடிக்கு வாயைத் திறப்பாள்.

எனக்கு அது பிடிபடவேயில்லை. கவிதைக்கு ஒரு சொல் வேண்டும் என்று ஒரு வாரம் நோட்டோடு மல்லுக்கட்டுகிறவன் நான். சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்தால் அவை பாட்டுக்கு வந்து விழுகின்றன, யாரும் கூப்பிடாமலே. அர்த்தம் கொண்டுவராத சொற்கள். வெறும் கையோடு வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் மாதிரி. அவர்களை எங்கே உட்கார வைப்பது என்று நான் முழிக்கும்போதே அவள் ஒவ்வொன்றுக்கும் இடம் போட்டுவிடுவாள். ஒரு வாரத்தில் அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. மதியம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள்: “இன்னிக்கி எத்தினி லப்பிடிடா உள்ள போச்சி?”

அப்புறம் ஒரு நாள், கதை மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது, மகள் கேட்டாள்.

“அப்பா, அம்மாவையும் டொம்ளாஞ்சிதான் மொஞ்சத்துல போட்டுக்கிச்சா?”

கையில் லப்பிடி. எதிரே திறந்த வாய். இல்லை என்றால் அந்த வாய் மூடிக்கொள்ளும். ஆமாம் என்றேன். வாங்கிக்கொண்டாள். நிதானமாக மென்றாள். அன்றைக்குக் கிண்ணம் காலி.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் மனசு கேட்காமல் டொம்ளாஞ்சியை நல்லதாக்கினேன்: மலையை முழுசாக ஒரு சுற்று கிர்ணி முடித்ததும் அம்மாவைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடும் என்றேன். இன்னொரு நாள், இரண்டு டிரைவர்கள் டைமிங் சண்டையில் என் சட்டையைப் பிடித்து இழுத்த நாள், பேஜாராகி வந்து, சாப்பிடாவிட்டால் உன்னையும் தூக்கி மொஞ்சத்தில் போட்டுக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் மறுபடியும் நல்லது. திங்கட்கிழமை பூதம், செவ்வாய்க்கிழமை சாமி. எது எந்த நாள் என்று எழுதி வைக்க அதற்கு ஒரு டைம் கீப்பர் இல்லை.

ஆண் குழந்தை பிறந்த சேதி பஸ்ஸில் வந்தது. கீழ்பென்னாத்தூர் வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி, ரெண்டு பேரும் சுகம், ஆம்பளப் புள்ள என்று கத்திக்கொண்டே வந்தார். நான் பதற்றத்தில் வண்டி வந்த நேரத்துக்குப் பக்கத்திலேயே அதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

மூன்றாம் மாதம் மனைவி வந்தாள். மகள் அக்காவின் முந்தானைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அம்மா கையை நீட்டினாள். மகள் போனாள், அணைத்துக்கொள்ள விட்டாள், ஆனால் கண் முழுக்க அந்தத் துணி மூட்டையில். மதியம் அம்மாவே ஊட்ட உட்கார்ந்தாள். பெரிய லப்பிடி வேணாம் என்றாள் மகள். என்னாது வேணாம் என்று அம்மா கேட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பாஷை தெரியாத ஊரில் துபாஷியைப் பார்ப்பது போல. நான் சொன்னேன். மனைவி சின்ன வாயாக உருட்டினாள். இரண்டாவது நாள் இன்னொரு சொல். மூன்றாவது நாளும். ஒவ்வொரு தடவையும் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் பெயர் வைப்பது குழந்தை தகப்பன் வீட்டுப் படி ஏறிய பிறகுதான். அதுவரைக்கும் ராஜா, தங்கம் என்று எதையாவது சொல்லிக் கொஞ்சலாம், பெயர் என்று ஒன்றைச் சொல்லக் கூடாது. புதுப் புடவையில் தூளி கட்டி, தகப்பனின் உடன்பிறந்தவள் வெற்றிலையைக் கூம்பாகச் சுருட்டி, குழந்தையின் வலது காதில் வைத்து மூன்று தடவை சொல்லவேண்டும். வெற்றிலை வழியாக முதலில் எது போகிறதோ அதுதான் பெயர். அப்புறம் பள்ளிக்கூடத்தில் எதை எழுதினாலும், உயிர் முதல் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கும் என்பாள் அக்கா. இதை அவள் பகுத்தறிவுக் கூட்டத்துக்குப் போய்வந்த என் மைத்துனரிடம்கூட வாதாடி ஜெயித்திருக்கிறாள்.

ராகு காலத்துக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று அவசரம். அக்கா வெற்றிலையைச் சுருட்டிக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் பால் பொங்குகிற வாசனை. வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினாள். நாங்கள் எல்லோரும் அடுக்களைப் பக்கம் திரும்பினோம். அவ்வளவு நேரம்தான். மகள் தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்து, தூளிக்குள் தலையை விட்டு, தம்பியின் காதில் வைத்துச் சொன்னாள்.

அவளுக்கு ரகசியம் பேசத் தெரியாது. தெருவுக்கே கேட்டது. டொம்ளாஞ்சி. டொம்ளாஞ்சி. டொம்ளாஞ்சி.

யாரோ சிரித்தார்கள். மாமியார், யார் பேருடி அது என்றார். பால் பாத்திரத்தைத் துணியால் பிடித்தபடி அக்கா வாசலில் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டிருந்தது எந்த நாளின் கதையோ. “அடிப்பாவி. அது புள்ள புடிக்கிற பூதமாச்சே” என்றாள்.

சிரிப்பு நின்றது. அக்கா வேறு வெற்றிலை சுருட்டி, நாங்கள் முடிவு செய்து வைத்திருந்த பெயரை மூன்று தடவை சொன்னாள். சொல்லும்போது குரலில் பிடிப்பில்லை. இருக்கிற ஆளை எழுப்பிவிட்டு சீட்டில் உட்கார்கிற பெயர் மாதிரி இருந்தது அது.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு மனைவி என்னை அடுக்களையில் நிறுத்தினாள்.

“ஏங்க, அது யாரு?”

கதையில் வருகிற ஒன்று என்றேன்.

“நல்லதா கெட்டதா?”

செய்தவன் நான். என் வாயில் பிறந்தது. “சில நாள் நல்லது” என்றேன் கடைசியில்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எம் பொண்ணு என்னா சொல்றான்னு தெரிஞ்சிக்க உங்களக் கேக்கணும். உங்களக் கேட்டா உங்களுக்கே தெரியல. அவளுக்குத் தம்பிய புடிச்சிருக்கா, போவட்டும்னு நெனைக்கிறாளா? எனக்கு அது தெரியாம எப்பிடிங்க அவங்கிட்ட அவள வுடுவேன்?”

விடவில்லை. மகள் தூளிப் பக்கம் போனால் மனைவிக்குச் சரியாக அப்போதுதான் குழந்தையின் துணி நனைந்ததா என்று பார்க்கவேண்டியிருக்கும். பாலுக்கு நேரமாகிவிடும். தூக்கிக்கொள்வாள். கடுஞ்சொல் ஒன்றும் கிடையாது. தலை தடவிக்கொண்டேதான் தள்ளி உட்காரச் சொல்வாள். நாலு நாள் மகள் போய்ப் போய் வந்தாள். ஐந்தாவது நாள் வாசற்காலோடு நின்றுவிட்டாள். அங்கேயே சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. உதடு மட்டும் கோணிக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று மனைவிக்குச் சொல்ல என்னிடம் சரியான சொல் ஒன்று இருந்தது. அந்த வீட்டில் அந்தச் சொல்லை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

மகளிடம் தனியாகக் கேட்டேன். ஏன் அந்தப் பேர் வைத்தாய்? அவன் பேர் அதுதான் என்றாள். காலை ஏன் கால் என்கிறாய் என்று யாரோ கேட்டது போல என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. என்ன பதில் வருமோ என்றா, பதிலே வராதோ என்றா, தெரியவில்லை.

எழுதிவிட்டால் தீர்ந்துபோகும் என்று நினைத்தேன். கதையாக, ஒரே கதையாக, நோட்டின் கடைசிப் பக்கங்களில். ஸ்டாண்டில் உட்கார்ந்து நாலு வரி எழுதினேன். இரண்டு மிருகங்கள் வந்து நின்றன, ஒரே பெயரில். ஒன்றை அடித்தால் இன்னொன்றும் சேர்ந்து அடிபட்டது. நாக்கில் அத்தனை துள்ளிய சொற்கள் காகிதத்தில் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்ட ஜனங்கள் மாதிரி முழித்தன. இருந்தும் முடித்தேன். டொம்ளாஞ்சி ரொம்ப நல்லது, அது யாரையும் எப்போதும் தூக்கிக்கொண்டு போனதில்லை என்று முடித்தேன். சாயங்காலம் மனைவியும் கேட்கும்படி கூடத்தில் உட்கார்ந்து மகளுக்கு வாசித்தேன்.

“பொய்” என்றாள் மகள். “தூக்கிச்சின்னு நீதான சொன்ன.”

மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் விடவில்லை. அப்படியானால் மலைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றாள். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வாயெடுக்கும்போது உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “போவோம். எனக்கும் அது யாருன்னு பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஜட்கா வைத்துக்கொண்டோம். வண்டிக்காரர் பக்கத்தில் மகள், பின்னால் குழந்தையோடு மனைவி, நடுவில் வைக்கோல் மேல் நான், இரண்டு பக்கமும் பார்க்க முடியாமல். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும்போது ஒரு வெள்ளைக்கார அம்மா குடை பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனார். அவர்களும் அதைத்தான் தேடுகிறார்களா என்று மகள் கேட்டாள். வண்டிக்காரர் எனக்காகப் பதில் சொன்னார்: “எதையோ தேடித்தாம்மா வராங்க எல்லாரும்.” ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பினோம். புளியமரங்கள் ஆரம்பித்தன. வலக்கைப் பக்கம் மலை திரும்பிக்கொண்டே வந்தது. ஒரு முனை இரண்டானது, இரண்டு மூன்றானது, அப்புறம் எதுவுமில்லாமல் ஒரே தடித்த தோள். பிறந்ததிலிருந்து பார்த்த மலை. எத்தனையோ பௌர்ணமிக்கு இதைச் சுற்றியிருக்கிறேன், கால் வலியைத்தான் பார்த்திருக்கிறேன் போல. பட்டப்பகலில், பயத்தோடு பார்க்கும்போது அது யாரோ மாதிரி இருந்தது.

வெயில் ஏறியது. குழந்தை அழத் தொடங்கியது. சாதாரண அழுகையில்லை, மூச்சுப் பிடிக்கிற அழுகை. மனைவி திரும்பிவிடலாம் என்றாள். வண்டிக்காரர் கயிற்றை இழுத்து நிறுத்தினாரே தவிர திருப்பவில்லை.

“பாதியில திரும்பக் கூடாதும்மா. மலைய பீச்சாங்கைப் பக்கம் வச்சிக்கினு நான் போவ மாட்டேன். நெழல்ல எறங்கிப் பால் குடுங்க. சுத்தி முடிச்சித்தான் வீடு.”

இறங்கினோம். மலையின் சரியான பின்பக்கம் அது. மனைவி புளியமரத்தடியில் உட்கார்ந்து குழந்தைக்கு முந்தானையை மூடிப் பால் கொடுத்தாள். மகள் ரோட்டில் நின்று மலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பாறை, முள்ளுச்செடி, மேய்கிற இரண்டு ஆடு. வேறொன்றும் கிடையாது. ஐந்து மாதம் நான் உருட்டிய பொய் முழுக்க அந்த வெட்டவெளியில் அவிழ்ந்து கிடந்தது. இப்போது அவள் உடைந்து அழுவாள், என்ன சொல்லித் தேற்றுவது, அது வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லலாமா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். இன்னொரு பொய்யை.

அவள் பார்த்து முடித்துவிட்டு நிதானமாக அம்மாவிடம் வந்தாள்.

“எங்க கண்ணு அது? இல்லியே?” என்றாள் மனைவி.

“எப்பிடி இருக்கும்? அதான் நம்ம வீட்டுக்கு வந்துட்டானே.” முந்தானைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த சின்னக் காலைத் தொட்டுக் காட்டினாள். “இவந்தான் உன்ன எடுத்துட்டுப் போனான். அப்பாகிட்ட கேளு.”

மனைவி என்னைப் பார்க்கவில்லை.

“அப்பறம் இவந்தான கூட்டிட்டும் வந்தான்” என்றாள் மகள். தெரிந்த கணக்கை மந்தமான பிள்ளைக்குச் சொல்லித் தருகிற பொறுமை அந்தக் குரலில்.

குதிரை ஒரு தடவை தலையை உதறியது. நான் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தகப்பன், கதைக்காரன், சொல்லைச் செய்தவன். ஆனால் என் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அந்தத் துணிக்குள் ஒன்றாகப் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தன. நான் பொய் என்று நினைத்துச் சொன்னது பொய்யா? யார் சொல்லாமல் விட்டதை அவள் கண்டுபிடித்தாள்? அம்மா ஏன் போனாள் என்று அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் யாருமே அவளுக்கு வாயைத் திறந்து சொல்லவில்லை என்பது அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது.

மனைவி முந்தானையை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், “ஆமா கண்ணு. இவந்தான்” என்றாள். குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் தட்டினாள். ஏப்பம் விட்டதும் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, காலை நீட்டச் சொல்லி, மடியில் குழந்தையை வைத்தாள். தலைக்குக் கீழே மகளின் கையை எடுத்து வைத்தாள். தன் கையை எடுத்துக்கொண்டாள். நான் அந்தக் கை விலகுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மொஞ்சத்துல இன்னும் என்னென்னா வச்சிருக்கான், பாரு” என்றாள் மனைவி.

மொஞ்சம் என்று நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, வாசித்த கதையிலும் அது வரவில்லை. எப்போது கேட்டாள், எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டாள், இன்றுவரை எனக்குத் தெரியாது. மகள் ஆச்சரியப்படவில்லை. தம்பியின் சட்டையைத் தூக்கித் தீவிரமாகப் பார்த்தாள்.

“அத்தையோட இட்லித் துணி.” இன்னும் குனிந்தாள். “அப்பாவோட செருப்பு. ஒத்த செருப்பு.” அப்புறம் அவள் முகம் மாறியது, கையை உதறினாள். பாவாடை நனைந்து கால் வழியே ஓடிக்கொண்டிருந்தது. “அம்மா, ஒரே திக்லுபா.”

மனைவி சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, புளியமரத்தில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். “நல்லா வச்சிருக்கான் திக்லுபா” என்று சொல்லிக்கொண்டே மாற்றுத் துணி எடுக்க வண்டிக்கு எழுந்து போனாள். குழந்தையை மகளின் மடியிலேயே விட்டுவிட்டு.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் திக்லுபா என்ற அந்தச் சொல் வருஷக்கணக்காக இருந்தது. மழை ஒழுகினால் சொல்வார்கள். அக்கா சண்டைக்கு வந்தால் சொல்வார்கள். நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தால் சில நாள் என்னைக் காட்டியும் சொல்லிச் சிரிப்பார்கள். எதற்குச் சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் தெளிவாகத் தெரிந்தது. பல தடவை கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை. நானும் சில சமயம் சொல்லிப் பார்ப்பேன். இதுக்கு அது இல்லப்பா என்பாள் மகள்.